தாலி என்றால் கயிறு

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டை விரலை மையில் தோய்த்து வைப்பேன். அதையும் ஒரு தடவை தலைகீழாக வைத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னார். அதனால் இதை நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு வாத்தியார் எழுதுகிறார். நான் பேசுவதை அப்படியே எழுதினால் காகிதம் நாறிப்போகும் என்று நல்ல தமிழாக மாற்றிப் போடுகிறார். அவரவர் பேசியதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன். பேச்சால் வந்த வினை இது. பேச்சைத் திருத்திவிட்டால் வினை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

அப்போது தஞ்சோங் பகாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படகுத்துறையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். பெரிய கப்பல் அங்கே வராது. கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தொங்கான் படகில் அரிசி மூட்டை வரும். அதைக் கிட்டங்கி என்கிற சரக்குக் கட்டடத்தின் மாடிக்கு ஏற்றவேண்டும். மாடிச் சுவரிலிருந்து கையை நீட்டின மாதிரி ஒரு மரம், அதில் ஒரு கப்பி, கப்பியில் ஒரு கயிறு. அப்படி மூன்று கப்பிகள் இருந்தன. எங்களுடையது நடுக்கப்பி. நாலு மூட்டையை ஒன்றாகக் கட்டிக் கொக்கியில் மாட்டுவோம், ஆறு பேர் இழுப்பார்கள், மூட்டை மேலே போகும். கீழே நின்று கொக்கி மாட்டி, மூட்டை ஆடாமல் பிடித்து விடுகிறவன் நான். என் அக்கா புருஷன், அதாவது அத்தான், தொங்கானில் நின்று மூட்டை எடுத்துக் கொடுப்பார். இரண்டில் எது சுகமான வேலை என்றால், தலைக்கு மேலே அரிசி தொங்காத வேலைதான்.

துறையில் பொதுப் பேச்சு மலாய். சீனனும் மலாய் பேசுவான், துரையும் மலாய் பேசுவார், நாங்களும் பேசுவோம். ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாது, அதனால் சண்டையில்லை. மலாயில் கயிற்றுக்குப் பெயர் 'தாலி'. இது போதாதா எனக்கு? "ஊர்ல ஒருத்தன் ஒரு தாலி கட்டிட்டு முழிக்கிறான், இங்க நாம ஒரு நாளைக்கு நூறு தாலி கட்டுறோம், ஒருத்தியும் வரமாட்டேங்கிறா" என்பேன். ஒவ்வொரு நாளும் இதையே சொல்வேன், ஒவ்வொரு நாளும் சிரிப்பார்கள். மூட்டை தூக்குகிறவன் எதற்கும் சிரிப்பான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் நடுக்கப்பியின் கயிற்றில் ஒரு புரி அறுந்து, பூனை வால் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. மூன்று புரி முறுக்கின கயிறு அது. மற்ற இரண்டும் கறுத்து, தொட்டால் தூள் உதிர்ந்தது. எங்கள் கும்பலுக்குத் தலைவரான தண்டல் அதைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"துரைகிட்ட சொல்லணும்ண்ணே" என்றார் அத்தான்.

"சொல்லலாம். யாரு சொல்றது?" என்றார் தண்டல். தண்டலுக்குத் துரை என்றால் பயம். போன தடவை 'சரி துவான்', அதாவது சரி ஐயா, என்று பதினொரு முறை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார், என்ன கேட்டார்கள் என்று அவருக்கே தெரியாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவனுக்குத்தான் வாய் இருக்கே."

"வாய் மட்டுமா இருக்கு? உடம்பு பூராவும் வாய்தான்."

"போடா, நீ போய்ப் பேசு. நீ பேசினா துரை சிரிப்பாரு. சிரிச்சா கயிறு குடுத்துருவாரு."

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் பெருத்தது. அன்று மத்தியானச் சோற்று வேளையில் அவர்களுக்கு முன்னாலேயே நடித்துக் காட்டினேன். கயிறு அறுவது எப்படி, மூட்டை விழுவது எப்படி, என் பெண்டாட்டி, அதாவது எனக்கு இல்லாத பெண்டாட்டி, மார்பில் அடித்துக்கொண்டு அழுவது எப்படி, எல்லாம். கழுத்தில் கைவைத்துத் தாலியை அறுத்து எறிகிற கட்டத்தில் ஒருத்தனுக்குப் புரையேறி மூக்கில் சோறு வந்துவிட்டது. அத்தான் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "மச்சான், அங்க போயி இதெல்லாம் வேணாம்யா. கயிறு பழசு, மாத்துங்கன்னு சொல்லு, போதும்" என்றார்.

"அத்தான், உங்களுக்கு மூட்டை தூக்கத் தெரியும். பேச்ச எங்கிட்ட விடுங்க" என்றேன்.

துரையிடம் நேரே போகமுடியாது. முதலில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் போகவேண்டும். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட வயதில் சிறியவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அவர் முன்னாலும் அதே கூத்தை ஆடினேன். பேனா மேசைமேல் அசையாமல் கிடந்தது.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"முடிஞ்சுதுங்க."

"எந்தக் கப்பி?"

"அதாங்க, தேய்ஞ்சது."

"மூண்டு கப்பி இருக்கு. எது? கயிறு எப்ப போட்டது? புரி அறுந்ததை ஆர் ஆர் கண்டது?"

"எல்லாரும்தான் பாத்தோம். அது அறுந்து தொங்குறது எப்படி இருக்கும்னா, உங்க வீட்டுப் பூனை..."

"எங்கட வீட்டில பூனை இல்லை." பேனாவை எடுத்தார், மறுபடியும் வைத்தார். "நீர் கதைக்கிறதை எழுதேலாது, விளங்குதோ? எழுதக்கூடிய மாதிரி ஒரு நாலு வரி கொண்டு வாரும். நான் இங்கிலீசில எழுதி மேல அனுப்பிறன்."

நாலு வரி. நான் நாற்பது வரி சொல்லியிருக்கிறேன், அவருக்கு நாலு வரி வேண்டுமாம். வெளியே வந்து அவர் மாதிரியே மூக்கைத் தூக்கி, "எங்கட வீட்டில பூனை இல்லை" என்று பேசிக் காட்டினேன். கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. கயிறு எப்போது போட்டது என்று தண்டலைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கிராணியின் மேல் எனக்கு ரோஷம். நேரே துரையிடமே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை காலையில் துரை துறையைச் சுற்றிப் பார்க்க வந்தார். சிவந்த முகம், வெள்ளைத் தொப்பி, கெட்ட மனுஷர் இல்லை. நான் போய் முன்னால் நின்றேன்.

"அப்பா மாவ்?" என்றார். என்ன வேண்டும் என்று மலாயில் கேட்கிறார். எனக்கு அது எப்போதும் அப்பாவையும் மாவையும் சேர்த்துக் கேட்கிற மாதிரியே இருக்கும். அன்றைக்கு அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. கயிறு அறுந்துவிடும் என்பதற்கு மலாய் வார்த்தை ஒன்று உண்டு. தினமும் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை, சமயத்தில் நாக்கில் வரவில்லை.

"துவான்... தாலி..." என்றேன். அடுத்தது வரவில்லை. "தாலி, துவான், தாலி!" என்றேன் மறுபடியும். பின்னால் கும்பல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வார்த்தைதான் வரவில்லை, கூத்தாவது வரட்டும் என்று கழுத்தில் கையை வைத்து முடிச்சுப் போட்டு, அழப்போனேன்.

அழுகிற கட்டம் வருவதற்குள் துரையின் முகம் மலர்ந்துவிட்டது.

"தாலி! ஆ, தாலி! கல்யாணம்!" என்றார், தமிழில்.

இங்கே வருவதற்கு முன்னால் அவர் நீலகிரிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்தவராம். அங்கே கூலிக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழ் வார்த்தை ஏழோ எட்டோ, அதில் ஒன்று தாலி. நான் அவருக்காக மலாய் பேசினேன், அவர் எனக்காகத் தமிழில் கேட்டுக்கொண்டார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். அதில்தான் கெட்டது.

"நீ கல்யாணம்? நல்லது, நல்லது!" என்று என் தோளில் தட்டினார். பிறகு இரண்டு விரலைக் காட்டி, "துவா ஹாரி. ரெண்டு நாள். லீவு" என்றார்.

பின்னால் கும்பல் வெடித்துச் சிரித்தது. துரையும் சிரித்தார், அவருடைய தமிழுக்குக் கிடைத்த மெச்சல் என்று நினைத்து. அப்போது ஒரு நொடி இருந்தது. 'இல்லை துவான், கயிறு' என்று அந்தக் கப்பியை நோக்கிக் கையை நீட்டியிருந்தால் போதும். அறுந்த புரி அங்கிருந்தே தெரியும். கை எழவில்லை. அத்தனை பேர் ஒரேயடியாகச் சிரிப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, அதிலும் ஒரு துரை. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

"டேய் மாப்பிள்ளை! பொண்ணு யாருடா?" என்று கத்தினார்கள்.

அத்தான் தொங்கானிலிருந்து இறங்கி வந்தார். "அப்ப கயிறு?"

"திரும்பி வந்து சொல்லிக்கலாம் அத்தான். இப்பதான் துரை நம்மாளு ஆயிட்டாருல்ல."

"ரெண்டு நாளைக்கு யாரு கீழ நிக்கிறது?"

"யாராச்சும் நில்லுங்களேன்."

அவர் நிமிர்ந்து கப்பியைப் பார்த்தார். "சரி, போ. அக்காவைப் பாத்துட்டு வா" என்றார்.

அக்கா சிராங்கூன் ரோட்டில் மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு வீட்டில் இருந்தாள். அத்தான் வாரத்துக்கு ஒரு நாள்தான் அங்கே வருவார், மற்ற நாள் எங்களோடு துறைக் கொட்டகையில்தான் படுக்கை. என்னைப் பார்த்ததும் அக்காவுக்குச் சந்தோஷம். என்ன லீவு என்று கேட்டாள். துரைக்கு என்மேல் பிரியம் என்றேன். மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

சாப்பிட்டுவிட்டு ராவுத்தர் காப்பிக்கடைக்குப் போனேன். அங்கே கூட்டத்துக்கா குறைச்சல்? மாட்டுக்காரன், வண்டிக்காரன், வண்ணான் என்று பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண் இல்லாமல் கல்யாண லீவு வாங்கின கதையை எடுத்துவிட்டேன். துறையில் நடந்ததைவிடக் கடையில் நன்றாக வந்தது. துரைக்குக் கொஞ்சம் குரல் கூட்டினேன், கிராணியின் பூனையையும் இடையில் சேர்த்தேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

ராவுத்தர் நாகூர்ப் பக்கம், படகுக்காரக் குடும்பம். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், சிரிப்பு அடங்கியதும், "அது சரி தம்பி, அந்தக் கயிறு என்னாச்சு?" என்றார்.

"அது அங்கயேதான் தொங்குது பாய்."

"மூட்டை ஏத்துறாங்களா அதுல?"

"ஏத்தாம? அரிசி என்ன ஏணி வச்சா ஏறும்?" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ராவுத்தர் சிரிக்கவில்லை. "ஒரு புரி போனா மத்தது ரொம்ப நாள் தாங்காது தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தார்.

மறுநாள் காலையில் துறைக்குப் போகலாம் என்று கிளம்பினேன். உண்மையாகவே கிளம்பினேன். ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்தேன். பாலத்தில் நின்று யோசித்தேன். லீவு போட்டவன் வேலைக்கு வந்தால் துரை என்ன கேட்பார்? பெண் எங்கே என்பார். கல்யாணம் இல்லை என்றால் நேற்று ஏன் தலையை ஆட்டினாய் என்பார். வார்த்தை வரவில்லை என்று சொல்வதற்கு எனக்கு வார்த்தை வேண்டும். நாளைக்கு எப்படியும் போகத்தானே போகிறோம் என்று திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது அக்கா மீதி மீனைப் பொரித்து வைத்திருந்தாள்.

மத்தியானம் எங்கள் கும்பல் ஆள் ஒருவன் ஓடி வந்தான். நான் சோற்றில் கை வைத்திருந்தேன். அவன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெளியே வா என்றான்.

"கயிறு போச்சுடா" என்றான்.

கீழே நின்று கொக்கி மாட்டினது அத்தான். வேறு யாரையும் நிற்க விடவில்லையாம். "என் மச்சான் வேலை, நான் நிக்கிறேன்" என்றாராம். மூட்டை பாதி உயரம் போனபோது அறுந்திருக்கிறது. சத்தம் கேட்டு அவர் பின்னால் பாய்ந்தார், உடம்பு தப்பியது, இடது கால் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் கும்பல் வேலைக்குப் போகாமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது. நான் உள்ளே போனேன். எத்தனையோ முறை இவர்கள் முன்னால் நின்றிருக்கிறேன். அன்றைக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. "மத்த ரெண்டு கப்பிக் கயிறும் மாத்துற வரைக்கும் யாரும் கீழ நிக்க வேணாம்" என்றேன். நான் பேசினதிலேயே சின்னப் பேச்சு அதுதான். எவனும் போய் நிற்கவில்லை.

அதனால் எங்கள் துரைக்கும் மேலான பெரிய துரை விசாரிக்க வந்தார். கும்பல் சார்பில் ஒருத்தன் பேசவேண்டும், அதைக் கிராணி இங்கிலீசில் சொல்வார். தண்டல் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என் வாயைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

அறை வாசலில் கிராணி என்னை நிறுத்தினார். "நடந்ததை முதல்ல எனக்குச் சொல்லும். ஒண்டையும் விடவேண்டாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். தாலியையும் சொன்னேன். பாலத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துரைக்கு விளங்கேல்லை எண்டு உமக்கு அந்த நேரமே தெரியுமோ?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் லீவை எடுத்தீர்."

"எடுத்தேன். இதையும் உள்ள சொல்லிடுறேங்க."

"சொன்னால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ? கயிறில பிழையில்லை, கூலியாள் சொல்லாமல் விட்டதுதான் பிழை எண்டு ஒரு வரி எழுதுவினம். உம்மட அத்தானுக்கு ஒண்டும் கிடையாது. மற்ற ரெண்டு கப்பியும் அப்பிடியே கிடக்கும்."

"அப்ப பொய் சொல்லவா?"

"பொய் வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். கயிறைப் பற்றித்தான் கேப்பினம்."

உள்ளே போனேன். நடுக்கப்பி என்றேன். கயிறு போட்டு மூன்று மழைக்காலம் ஆயிற்று என்றேன், அதைத் தண்டலிடம் கேட்டு வைத்திருந்தேன். ஒரு புரி அறுந்ததை ஒன்பது பேர் பார்த்தோம் என்றேன். மற்ற இரண்டு கப்பியிலும் இருப்பது அதே நாளில் போட்ட கயிறு என்றேன். காலை இழந்தவர் உட்கார்ந்து செய்கிற காவல் வேலை ஒன்று தரவேண்டும் என்றேன். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன், தானாக எழுந்து ஏதாவது செய்துவிடப் போகிறது என்று. கிராணி ஒவ்வொன்றாக இங்கிலீசில் சொன்னார். பெரிய துரை எழுதிக்கொண்டார்.

எங்கள் துரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கிராணி பேசப் பேச அவர் முகம் மெதுவாக நிறம் மாறியது. நான் அன்றைக்குச் சொன்ன தாலி கயிறு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சொல்லியிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம். பெரிய துரை வேறு ஏதாவது உண்டா என்று கேட்டபோது இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரத்துக்குள் மூன்று கப்பிக்கும் புதுக் கயிறு வந்தது. அத்தானுக்குக் கிட்டங்கி வாசலில் காவல் வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். கும்பலில் ஒருத்தன், "நல்லாத்தான் பேசியிருக்க" என்றான். கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை.

அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. துரை தப்பாகப் புரிந்துகொண்டதையும், அது எனக்குத் தெரிந்ததையும், அப்படியும் நான் தலையாட்டியதையும் சொன்னேன்.

அவள் கை அரிசிக்குள்ளேயே நின்றது.

"அந்த ரெண்டு நாளும் இங்கதான இருந்த" என்றாள்.

"ஆமா."

"என் கையால சாப்பிட்ட."

"ஆமாக்கா."

தண்ணீரைக் கொட்டினாள். வேறு தண்ணீர் ஊற்றினாள். அதையும் கொட்டினாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வேணும்னே தலையாட்டினேன்னு நினைக்கல, எனக்கு வார்த்தை வரலன்னு மட்டுந்தான் நினைச்சுட்டிருக்காரு."

"சொல்லாத. மச்சானுக்காக நின்னேன்னு சொல்லிச் சொல்லித்தான் மனச தேத்திக்கிறாரு. அதையும் பிடுங்கிறாத." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா எனக்குத் தெரியும். நீ எப்ப வந்தாலும் எனக்குத் தெரியும்."

உள்ளே பாய்மேல் அத்தான் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

"யாரு வாசல்ல? மச்சானா?" என்றார். "உள்ள வாய்யா. ஏதாவது சொல்லு, சிரிச்சு எவ்வளவோ நாளாச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள், பானையை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் உள்ளே போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். போர்வை இடது பக்கம் முழங்காலோடு தட்டையாகிவிட்டிருந்தது. அவர் இப்போதே பாதி சிரிப்போடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய இருட்டிக்கிட்டு வருது அத்தான். மழை வரும்போல இருக்கு" என்றேன்.

அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.